தோலுக்கும் இரும்புக்கும் நடுவே

இரண்டாம் உலகப் போரின்போது இந்திய ராணுவத்தின் பயனெட் ஐந்து அங்குலம் குட்டையானது. த்ரீ-நாட்-த்ரீ என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் முனையில் அதுவரை மாட்டியது 1907ஆம் ஆண்டு மாதிரி. அதன் அலகு மட்டும் 17 அங்குலம், சென்டிமீட்டரில் 43. ஜப்பானிய ராணுவத்தின் பயனெட்டை முன்மாதிரியாக வைத்து பிரிட்டன் அதை வடிவமைத்தது. துப்பாக்கி முந்தையதைவிடக் குட்டையாகிவிட்டதால், எதிராளியை எட்டுவதற்குக் கத்தியை நீட்டினார்கள். லாரியில் ஏறி இறங்கி, புதர்க்காட்டில் நுழைந்து போரிடும் காலம் வந்ததும் அந்த நீளம் இடைஞ்சலானது. இந்தியாவில் பழைய அலகுகளை 12 அங்குலத்துக்கு வெட்டி முனையைப் புதிதாகத் தீட்டினார்கள். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை அதே குட்டை அளவில் புதியவற்றையும் செய்தது. அமெரிக்காவும் 1943இல் தன் 16 அங்குல பயனெட்களை 10 அங்குலமாகக் குறைத்தது.

கத்தியை வெட்டினால் உறையையும் வெட்ட வேண்டும். போர்க்காலத் தொழிற்சாலைகள் அவசரமாகச் செய்த அந்த வேலையை இன்று உலகின் பல ஊர்களில் சேகரிப்பாளர்கள் வீட்டுப் பட்டறையில் செய்கிறார்கள். கையில் குட்டை பயனெட் இருக்கும், கிடைத்தது நீள உறையாக இருக்கும். அல்லது உறையின் நுனி மட்கியிருக்கும், மேல்பாதி நன்றாக இருக்கும். நம் நாட்டில் ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் பயனெட் என்ற பெயர் நேரடியாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆகவே கத்தியை வாங்குவது, வைத்திருப்பது பற்றி உள்ளூர் விதியை முதலில் விசாரித்துக்கொள்வது அவசியம். இந்தக் கட்டுரை உறையைப் பற்றியது.

அளந்து, வெட்டி, தைத்தால் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் எண்பது, நூறு வருடங்களாகத் தோலும் இரும்பும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த பொருள் இது. இரண்டும் அத்தனை காலமும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன. அந்த மாற்றம் எதுவரை போயிருக்கிறது என்று தெரியாமல் பிளேடை வைத்தால், கைக்கு வருவது சுருக்கிய உறையாக இருக்காது, ஒரு பிடி சிவப்புத் தூளாக இருக்கும்.

1907 மாதிரி உறையின் உடல் ஒரே தோல். அதை நீளவாக்கில் மடித்து, முதுகுப்புறம் நடுவில் ஒரே கோடாகத் தைத்திருப்பார்கள். மேலே எஃகில் ஒரு வாய்ப்பூண், கீழே எஃகில் ஒரு நுனிப்பூண். வாய்ப்பூணின் முகப்பில் இடுப்புப் பட்டையின் தோல் வளையத்தில் மாட்டிக்கொள்ள ஒரு குமிழ். உள்ளே அலகை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் மெல்லிய பட்டை ஸ்பிரிங்குகள். ஓடும்போது கத்தி நழுவாமல் இருப்பதற்கும், உருவும்போது சட்டென்று வருவதற்கும் காரணம் அந்த ஸ்பிரிங்குகள்தான்.

முதலில் தோலைப் பார்ப்போம். வேலையின் முக்கால் பங்கு அங்கேதான் இருக்கிறது.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட கயிறாக அதன் மூலக்கூறு இருக்கிறது என்ற அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அந்த முறுக்கில்தான் தோலின் பலம் இருக்கிறது. பச்சைத் தோலை நீரில் போட்டுச் சூடேற்றினால் அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது முறுக்கு அவிழும், தோல் சட்டென்று சுருங்கி ரப்பராகிவிடும். மேலும் கொதித்தால் ஜெலட்டின். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கெட்டியாக உறைவது இதனால்தான். பதனிடுதல் என்பது அந்த முறுக்கு எளிதில் அவிழாதபடி இடையிடையே கட்டுப் போடுவது. மரப்பட்டையின் டானின்கள் போடும் கட்டு, சுருங்கும் வெப்பநிலையை எழுபத்தைந்து, எண்பத்தைந்து டிகிரிவரை உயர்த்தும். குரோமியம் போடும் கட்டு நூறு டிகிரியைத் தொடும்.

பழைய ராணுவ உறைகள் பட்டையில் பதனிட்டவை. அந்தப் பட்டையில்தான் ஒரு சிக்கலும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லண்டனில் நூலகங்களின் தோல் அட்டைகளும் நாற்காலிகளும் சிவந்து தூளாக உதிர ஆரம்பித்திருந்தன. அத்தீனியம் கிளப்பின் நாற்காலித் தோல் மட்குவதற்கு எரிவாயு விளக்குகளிலிருந்து வரும் கந்தகப் புகையே காரணம் என்று மைக்கேல் ஃபாரடே 1843இல் சொன்னார். காற்றிலிருக்கும் கந்தக டைஆக்சைடைத் தோல் உறிஞ்சிக்கொள்ளும், அது உள்ளே கந்தக அமிலமாகும், அமிலம் கொலாஜன் இழையைத் துண்டு துண்டாக வெட்டும். எல்லாப் பட்டையிலும் பதனிட்ட தோல் ஒரே மாதிரி மட்குவதில்லை. லண்டனின் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைத்த குழு, புத்தகக் கட்டுமானத் தோல் பற்றி 1905இல் முழு அறிக்கை வெளியிட்டது. கட்டெக்கால் வகை டானினில் பதனிட்ட தோல்தான் சீக்கிரம் கெடுகிறது, அதிலும் கிழக்கிந்தியத் தோல் என்று வந்தவை மிக மோசம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்தக் கிழக்கிந்தியத் தோல் பெரும்பாலும் சென்னை மாகாணத்திலிருந்து போனது. பதனிட்டது ஆவாரம் பட்டையில்.

ஆவாரையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது தோலை வேகமாக ஊடுருவும், மிருதுவாக்கும், நல்ல இளநிறம் தரும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸ் மேல்தோலுக்கு நம் மாகாணத்தின் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாகப் போனது. இரண்டு, மூன்று வருடம் சேற்றில் உழைக்கப்போகும் பூட்ஸுக்கு அது பொருத்தமான தோல். நூறு வருடம் அலமாரியில் நிற்க வேண்டிய பொருளுக்குத்தான் அது பொருந்தவில்லை. ராணுவ உறையைச் செய்தவர் யாரும் அதை நூறு வருடக் கணக்கில் யோசித்துச் செய்யவில்லை.

ஆகவே உறை கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதைப் படிப்பது. வாய்ப்பூணுக்குச் சற்றுக் கீழே வெள்ளைப் பருத்தித் துணியால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் செங்கல் நிறத் தூள் ஒட்டினால் சிவப்பு மட்கல் தொடங்கிவிட்டது. பிறகு, கண்ணில் படாத இடத்தில் ஊசி முனையளவு நீர் வைத்துப் பாருங்கள். நல்ல தோலில் நீர் மெல்ல ஊறி, காய்ந்ததும் தடம் மங்கும். மட்கிய தோல் நீரைச் சட்டென்று குடித்துக் கருத்துவிடும். காய்ந்த பிறகும் அந்தக் கருமை போகாது, தொட்டால் அந்த இடம் ஓடு மாதிரி விறைத்திருக்கும்.

மூன்றாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அருங்காட்சியகங்களில் நுண்ணோக்கியின் கீழ் சூடேற்றும் மேடை வைத்துச் செய்வதன் எளிய வடிவம். உறையின் வாய்க்குள் ஊசியை விட்டு, தோலின் உட்புறத்திலிருந்து நாலைந்து இழைகளை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் விட்டு இழைகளை அதில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து மெதுவாகச் சூடேற்ற வேண்டும். பக்கத்தில் ஒரு வெப்பமானி, கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி. நேராகக் கிடக்கும் இழை ஒரு கட்டத்தில் நெளியத் தொடங்கும், பிறகு திடீரென்று சுருண்டு பாதி நீளமாகும். மூவிழை முறுக்கு அவிழ்வதை வெறும் லென்ஸில் பார்க்கும் தருணம் அது. எழுபது டிகிரிக்கு மேல் அது நடந்தால் தோல் ஆரோக்கியமாக இருக்கிறது. ஐம்பதுக்குக் கீழே நடந்தால் அந்த உறையை வெட்டவோ வளைக்கவோ கூடாது.

இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் செய்யும் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. உறையை வெந்நீரில் நனைத்து, அலகைச் செருகி, அப்படியே காயவிட்டால் தோல் அலகின் வடிவத்துக்கு வந்துவிடும் என்பார்கள். புதுத் தோலுக்கு அது சரி, நீர் வெதுவெதுப்பாக இருக்கும்வரை. சுருங்கும் வெப்பநிலை நாற்பத்தைந்துக்கு இறங்கிவிட்ட பழைய தோலில் குளிக்கும் வெந்நீரே போதும், முறுக்கு அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த கொலாஜன் மீண்டும் தோலாகாது. காய்ந்த தோல் அதே சூட்டைத் தாங்கிக்கொள்ளும். ஈரமும் சூடும் ஒன்றாகச் சேர்வதுதான் ஆபத்து. இதை நினைவில் வைத்தால் போதும், பாதி உறைகள் தப்பிவிடும்.

லேசாகத் தூள் உதிரும் தோலை இறுக்க முடியும். ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ் என்ற பொருளை எத்தனாலிலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலோ மிக நீர்க்கக் கரைத்து, மென்தூரிகையால் தடவுவார்கள். நீர் படாமல் இழைகளுக்குள் இறங்கி, ஆல்கஹால் ஆவியானதும் தூளைப் பிடித்துக்கொள்ளும். காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் சுடரும் இல்லாமல் செய்ய வேண்டும். இது மட்கலைக் குணப்படுத்தாது, உதிர்வதை மட்டும் நிறுத்தும். எண்ணெய் அதையும் செய்யாது. செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவும் பழக்கம் நம் கிராமங்களில் உண்டு, தினமும் வளைந்து உழைக்கும் தோலுக்கு அது உதவும். அறுந்துபோன கொலாஜன் இழையை எந்த எண்ணெயும் ஒட்டாது. தேங்காய் எண்ணெய் இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே உறையும், காற்றுப்பட்டுச் சிக்கடிக்கும். மிகையாகத் தடவிய கொழுப்பு பின்னாளில் வெள்ளைப் படலமாகத் தோலின் மேல் பூக்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்து மீண்டும் தேய்ப்பார்கள்.

இனி பிரிப்பது. நுனிப்பூணைப் பிடித்திருக்கும் சிறு உலோகப் பிடிகளை நிமிர்த்தி, பூணைத் திருகாமல் மெதுவாக நேராக இழுக்க வேண்டும். வராவிட்டால் அடிக்கக் கூடாது, சூடு காட்டக் கூடாது. மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைப் பூணுக்கும் தோலுக்கும் நடுவே விட்டுச் சுற்றிவர நகர்த்தினால் துருவின் பிடி விடும்.

பூண் கழன்றதும் அதனடியில் இருந்த தோலைக் கவனியுங்கள். வெளியே பழுப்பாக இருக்கும் தோல் இங்கே மையைக் கொட்டியது போலக் கருத்திருக்கும். பிடி நுழைந்த ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு கரு வளையம். வளையத்தின் விளிம்பில் ஊசியால் தொட்டால் தோல் நொறுங்கும், இரண்டு மில்லிமீட்டர் தள்ளித் தொட்டால் தோல் வளைந்து கொடுக்கும். துருவிலிருந்து வந்த இரும்பு, தோலின் டானினோடு சேர்ந்து இரும்பு டானேட் ஆகியிருக்கிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்கு இந்தக் கருமை நன்றாகத் தெரியும். மையில் அது வரம். தோலில் அப்படி இல்லை. இரும்பு அயனி ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் வினையூக்கி, அதனால் கருத்த இடம்தான் முதலில் நொறுங்குகிறது. பழைய தோலைக் கருப்பாக்க வினிகரில் இரும்புத் துகள் ஊறவைத்துத் தடவும் முறையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். நிறம் அழகாக வரும், ஆனால் உறை முழுவதையும் அந்தக் கரு வளையமாக்கிவிடும். ஆல்கஹாலில் கரையும் சாயம் போதும்.

எதிர்த்திசையிலும் சேதம் நடக்கிறது. பட்டையில் பதனிட்ட தோல் இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது. மட்கிய தோலில் பிஎச் மூன்றுக்குக் கீழே போயிருக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தைத் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அது எப்போதும் பிடித்து வைத்திருக்கும். அமிலமும் ஈரமும் உள்ள அந்தக் குழலுக்குள் எஃகு அலகைச் செருகி வைப்பது துருவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான். பூணின் உட்புறம் குழிகுழியாக இருப்பதைப் பார்த்தாலே இது புரியும்.

வெட்டுவதற்கு முன் அளவைத் தீர்மானிக்க வேண்டும். 17இலிருந்து 12ஐக் கழித்து ஐந்து அங்குலம் என்று உடனே குறித்துவிடக் கூடாது. இந்தியாவில் சுருக்கிய அலகின் முனை புதிதாகத் தீட்டியது, அதன் சரிவு பழைய முனையின் சரிவு அல்ல. தடித்த அட்டையில் அலகின் வடிவத்தை வரைந்து வெட்டி, அதை உறைக்குள்ளும் நுனிப்பூணுக்குள்ளும் விட்டுப் பார்க்க வேண்டும். முனை பூணின் அடியைத் தொடாமல் சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். நாலரை அங்குலம் வெட்டிவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிச் சரியான இடத்துக்கு வருவது நல்லது.

மேலிருந்து வெட்டுவதா, கீழிருந்து வெட்டுவதா? ஆய்வாளரின் முத்திரையும் ஆண்டும் தோலில் பதிந்திருந்தால் அவை எங்கே இருக்கின்றன என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாய்ப்பூணும் ஸ்பிரிங்குகளும் அதன் கீழுள்ள தோலோடு பல வருடம் பொருந்திப் போனவை, அவற்றைக் கலைக்காமல் இருப்பதே மேல். எனவே பெரும்பாலும் கீழிருந்து. அப்போது ஒரு வடிவியல் சிக்கல் வரும். உறை நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போவது. ஐந்து அங்குலம் மேலே வெட்டினால் அங்கே கிடைக்கும் வாய், நுனிப்பூணைவிட அகலமாக இருக்கும். பூண் ஏறாது.

எஃகைத் தட்டி விரிக்கலாம் என்று சிலர் முயல்வார்கள். மெல்லிய பூண் பழைய துருக் குழிகளில் கிழிந்துவிடும். தோலைத்தான் மெலிதாக்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து சீவுவது என்பதில் தோலின் உடற்கூறு வருகிறது. மேற்புறம் நெருக்கமான மெல்லிய அடுக்கு, அழகு அங்கே. அதற்குக் கீழே தடித்த இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அடுக்கு, பலம் அங்கே. வழக்கமாகத் தோல் வேலைக்காரர்கள் உட்புறத்திலிருந்து சீவுவார்கள், மேற்பரப்பைக் காப்பாற்றுவதற்காக. இங்கே பூணுக்குள் மறையப்போகும் பகுதியை யாரும் பார்க்கப்போவதில்லை. மட்கலும் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்துதான் தொடங்குகிறது. எனவே பூண் மூடும் அளவுக்கு மட்டும் வெளிப்புறத்திலிருந்து சீவுவதே சரி என்பது என் முடிவு. பலவீனமான அடுக்கு போய்விடும், பலமான பின்னல் தங்கிவிடும். கத்தி சவரக் கத்தியின் கூர்மையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு சீவலும் காகிதத் தடிமனைத் தாண்டக் கூடாது. இடையிடையே பூணை மாட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

வெட்டுக்கு முன் தையலைக் கட்ட வேண்டும். முதுகுத் தையல் ஒரே நூல், நடுவில் அறுத்தால் மேலே வரை தளர்ந்துகொண்டே போகும். வெட்டும் கோட்டுக்குச் சற்று மேலே, பழைய துளைகளிலேயே, மெழுகு தேய்த்த லினன் நூலால் இரண்டு மூன்று தையல் திருப்பிப் போட்டு இறுக்கிவிட்டு வெட்டினால் நிற்கும். புதுத் துளை போடக் கூடாது. துளைகள் நெருங்கினால் தோல் அந்தக் கோட்டிலேயே அஞ்சல் தலை போலக் கிழியும். முனை மழுங்கிய ஊசியே வேண்டும், கூரான ஊசி பழைய துளைக்குப் பக்கத்தில் தானே வழி பண்ணிக்கொள்ளும். நைலான் நூல் பலமானதுதான், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். இழுப்பு வரும்போது நூல் அறுந்தால் மீண்டும் தைக்கலாம், நூல் நின்று தோல் அறுந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எஃகுப் பகுதிகளின் வேலை வேறு மாதிரி. முதலில் பெயின்ட். பழைய ராணுவப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், எனவே உப்புத்தாளை எடுப்பதற்கு முன் ஈயச் சோதனைக் குச்சியால் தேய்த்துப் பார்ப்பது கட்டாயம். நிறம் காட்டினால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது.

பெயின்ட்டுக்கு அடியில் சில பூண்களில் பழைய நீலக்கருப்புப் பூச்சு தெரியும். அது சாயம் அல்ல, மேக்னடைட் என்ற கரிய இரும்பு ஆக்சைடின் மெல்லிய படலம். வினிகர், எலுமிச்சைச் சாறு, கடையில் கிடைக்கும் துருநீக்கி எல்லாம் சிவப்புத் துருவோடு இதையும் சேர்த்துக் கரைத்துவிடும், வெள்ளை எஃகுதான் மிஞ்சும். அதைவிட அழகான வழி ஒன்று இருக்கிறது. தோலிலிருந்து முழுக்கப் பிரித்த பூணை, எண்ணெய்ப் பசை நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் இருபது நிமிடம் கொதிக்கவிட வேண்டும். சிவப்புத் துரு கொதிநீரில் மேக்னடைட்டாக மாறி வெல்வெட் கருப்பாகும். மெல்லிய எஃகுப் பஞ்சால், அதையும் எண்ணெய் நீக்கிவிட்டு, தேய்த்தால் தளர்வான தூள் உதிர்ந்து, உறுதியான கருப்பு மட்டும் ஒட்டி நிற்கும். துப்பாக்கிக் குழல்களுக்கு நிறம் ஏற்றிய பழைய கைவினைஞர்களின் முறையே இது. எதிரி என்று நினைத்த துருவே பாதுகாப்புப் படலமாக மாறுவதைப் பாத்திரத்துக்குள் கண்ணால் பார்க்கலாம்.

ஸ்பிரிங்குகளைத் தொடாமல் விடுவதே நல்லது. தளர்ந்திருந்தால் குளிர்ந்த நிலையில் மிகச் சிறிதாக வளைக்கலாம். சுடர் காட்டக் கூடாது. எஃகு சூடேறும்போது இருநூற்றிருபது டிகிரியில் வைக்கோல் நிறமும், முந்நூற்றை ஒட்டி நீலமும் வரும். அதற்கு மேலும் சூடேற ஸ்பிரிங்கின் விறைப்பு குறைந்துகொண்டே போகும், சிவக்கச் சுட்டால் வெறும் தகடுதான். அளவுக்கு மேல் இறுக்குவதும் தவறு, ஒவ்வொரு முறை உருவும்போதும் அலகின் பக்கவாட்டில் இரண்டு கோடு விழும்.

திரும்பப் பூட்டும்போது, தோலும் எஃகும் நேரடியாகத் தொடாதபடி நடுவில் ஒரு திரை போட வேண்டும். பூணின் உட்புறம் அக்ரிலிக் வார்னிஷை மெல்லியதாகப் பூசிக் காயவிடலாம். அருங்காட்சியகங்களில் பாரலாய்டு பி-72 என்ற பிசினைப் பயன்படுத்துவார்கள். அசிட்டோனில் கரையும் என்பதால் வேண்டும்போது முழுவதையும் எடுத்துவிடலாம். மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகும் போதும். பழைய பிடிகள் உடைந்துபோனால் அவற்றுக்குப் பதிலாகப் பித்தளை ரிவெட்டைப் போட ஆசை வரும், பளபளப்பாக இருக்கும். ஈரத் தோலில் பித்தளையும் எஃகும் சேர்ந்தால் சிறு மின்கலம் உருவாகி, எஃகு கரையும். தோலின் கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்ந்து ரிவெட்டைச் சுற்றிப் பச்சை மெழுகாகத் துருத்தும். எஃகுக்கு எஃகுதான்.

எல்லாம் முடிந்த பிறகு உறையைக் கத்தியோடு சேர்த்து வைக்கக் கூடாது. சுருக்கிச் சீராக்கிய உறைக்குள் அலகு சரியாக உட்காருவதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, உருவித் தனியாக வைக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் அறுபது விழுக்காட்டைத் தாண்டினால் எஃகின் துரு வேகமெடுக்கும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேல்தான், உப்பும் சேர்ந்துகொள்ளும். உறை அமுங்கிவிடாமல் இருக்க அலகின் வடிவத்தில் பாலித்தீன் நுரையை வெட்டி உள்ளே விடலாம். மரக்கட்டை வேண்டாம். பல மரங்கள், குறிப்பாக ஓக், அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும்.

எந்த உறையை வெட்டலாம் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டும் முத்திரையும் தெளிவாக இருக்கும் முழு நீள உறையைக் குட்டைக் கத்திக்காக வெட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அது நீளமாகவே இருக்கட்டும், நீளக் கத்தி வேறொருவரிடம் இருக்கும். நுனி மட்கியது, தையல் விட்டது, முத்திரை அழிந்தது ஆகியவைதான் இந்த வேலைக்கு உரியவை. வெட்டிய இடத்தைப் பழசு போலக் காட்டத் தேநீர்ச் சாயம் ஏற்றுவதும் உப்புநீரில் துருவேற்றுவதும் கூடாது. பிறகு அதை வாங்குபவர் போர்க்காலத்தில் சுருக்கியது என்று நம்புவார். அசலான போர்க்காலச் சுருக்கலையும் நேற்றைய சுருக்கலையும் வேறுபடுத்திப் பார்க்க வருங்கால ஆய்வாளருக்கு இருக்கும் தடயங்கள் மிகக் குறைவு. வெட்டுத் தடம், நூல், சாயம், பூணின் உட்புறம், அவ்வளவுதான்.

அதனால் நுனிப்பூணை மாட்டுவதற்கு முன், அதனுள் மறையப்போகும் தோலில், சீவிய இடத்தில், இந்திய மை கொண்டு ஆண்டையும் ‘சுருக்கியது’ என்ற சொல்லையும் எழுதிவிடலாம். அந்த மையின் கருமை கரித்தூளிலிருந்து வருவது, தோலோடு வினைபுரியாது. வெட்டி எடுத்த நாலரை அங்குலத் துண்டைத் தூக்கி எறியாமல், ஒரு பாலித்தீன் பையில் போட்டு, எங்கிருந்து வெட்டியது, என்ன நூல், என்ன சாயம், சுருங்கும் வெப்பநிலை எத்தனை டிகிரி வந்தது என்று எழுதிய சீட்டோடு உறையுடனேயே வைக்கலாம். சாயத்தையும் மெழுகையும் வார்னிஷையும் முதலில் அந்தத் துண்டின் மேல்தான் போட்டுப் பார்க்க வேண்டும். அதே மாட்டின் தோல், அதே பட்டை, அதே எண்பது வருடம். சோதிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான மாதிரி எந்தக் கடையிலும் கிடைக்காது.